ஜிசிசியில் கம்பைல் செய்த நிரலை மூலம் திறக்காமல் விற்கலாமா? ரன்டைம் லைப்ரரிகளின் உரிமங்கள் பற்றி

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சிறிய சென்சார் கருவிக்கு ஃபர்ம்வேரும், அதைக் கணினியிலிருந்து அமைக்க லினக்ஸில் ஓடும் ஒரு சி++ நிரலும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஜிசிசி என்ற கட்டற்ற கம்பைலரில் கம்பைல் செய்கிறீர்கள். மூலநிரலை வெளியிடாமல் விற்க வேண்டும். வாங்கப்போகும் நிறுவனம் ஓர் உரிமச் சோதனை நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறது. உங்கள் பைனரிக்குள், அதாவது கம்பைல் செய்து கிடைக்கும் ஓடும் கோப்புக்குள், ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரிகளான (நிரல் ஓடுவதற்குத் தேவையான துணை நிரல்கள்) லிப்ஜிசிசியும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியும் இருக்கின்றன, இரண்டும் ஜிபிஎல் 3 (பைனரியைப் பகிர்ந்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்) என்று அது சிவப்பில் காட்டிவிட்டது. என் நிரல் முழுவதையும் திறக்க வேண்டுமா, எல்எல்விஎம் என்ற வேறொரு கம்பைலர் தொகுப்புக்கு மாறினால் தொல்லை தீருமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. உண்மையில் அதற்குத்தான் பதில் வேண்டும். நான் எழுதாத, நான் பெயர் சொல்லி அழைக்காத, கம்பைலர் தானாகக் கொண்டுவந்து என் பைனரிக்குள் வைத்த நிரல்துண்டுகளுக்காக நான் யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதே அது.

முதலில் பதற்றத்தைத் தணித்துவிடுகிறேன். அந்த இரண்டு லைப்ரரிகளுக்காக உங்கள் மூலநிரலில் ஒரு வரியைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியின் கடைசியில், எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பதால் லைப்ரரிகளையெல்லாம் பைனரிக்குள்ளேயே சேர்த்து முழுக்க ஸ்டாடிக்காக லிங்க் செய்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சோதனை நிரல் சிவப்பில் காட்டிய இடத்தில் சிக்கல் இல்லை. அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. கருவிகளுக்கான டூல்செயின்களை, அதாவது கம்பைலரும் லிங்கரும் லைப்ரரிகளும் சேர்ந்த தொகுப்புகளை, கட்டுவதும், ஒரு வெளியீடு வெளியே போகும் முன் அதற்குள் யார் யாருடைய நிரல் இருக்கிறது என்று பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அதனால் உரிமத்தின் வாசகத்தில் அப்படியே இருப்பதை உறுதி என்று சொல்வேன். வாசகத்திலிருந்து நாமாக ஊகிக்க வேண்டியதை ஊகம் என்றே சொல்வேன். பெரிய ஒப்பந்தம் என்றால் இரண்டாவது வகையை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.

கம்பைலரின் உரிமம் வேறு, கம்பைலர் துப்பும் பைனரியின் உரிமம் வேறு. ஒரு ஜிபிஎல் நிரலை ஓட்டுவதால் கிடைக்கும் வெளியீடு தன்னாலேயே ஜிபிஎல் ஆகிவிடாது. அந்த வெளியீட்டின் உள்ளடக்கமே ஜிபிஎல் நிரலின் பகுதியாக இருந்தால்தான் ஜிபிஎல் அதைத் தொடும். இது ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பிலும் இருக்கிறது, மூன்றாம் பதிப்பிலும் இருக்கிறது. இதுவரை சந்தேகமே இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கம்பைலர்கள் தங்களோடு வரும் நிரலில் கொஞ்சத்தை உங்கள் பைனரிக்குள் கலந்துவிடுகின்றன. பார்சர் (உரையை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதித் தரும் பைசன் நல்ல உதாரணம். அது தன் பார்சரின் எலும்புக்கூட்டையே உங்கள் கோப்பில் நகலெடுத்து வைக்கும். அதனாலேயே 1.24ஆம் பதிப்புக்கு முன்னால் பைசன் உருவாக்கிய பார்சர்களைக் கட்டற்ற மென்பொருளில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பிறகு ஒரு விலக்கைச் சேர்த்துத்தான் அதைத் தளர்த்தினார்கள்.

ஜிசிசியில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. உங்கள் ஃபர்ம்வேர் ஆர்ம் கார்டெக்ஸ்-எம்0 சிப்பில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிப்பில் வகுத்தலுக்கு என்று கட்டளையே கிடையாது. நீங்கள் சி மொழியில் ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுக்கிறீர்கள். வகுத்தல் குறி ஒன்று, அவ்வளவுதான். கம்பைலர் அந்த இடத்தில் ஒரு ஃபங்ஷன் அழைப்பை வைக்கிறது. கம்பைல் ஆன துண்டுகளை ஒரே பைனரியாகச் சேர்க்கும் லிங்கரிடம், எது எங்கிருந்து வந்தது என்று பட்டியலிடும் மேப் ஃபைல் ஒன்றை எழுதச் சொல்லி அதைத் திறந்து பாருங்கள். உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்களின் (ஒவ்வொரு மூலக் கோப்பும் கம்பைல் ஆகி வரும் கோப்பு) பெயர்கள் வரிசையாக வரும். அவற்றுக்குக் கீழே லிப்ஜிசிசி என்ற ஆர்க்கைவின் நீண்ட பாதையும், அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் யூடிவ்எஸ்ஐ3 என்ற ஆப்ஜெக்ட்டின் பெயரும் இருக்கும். அதுதான் வகுத்தல். நீங்கள் ஃப்ளோட்டில் இரண்டு எண்களைக் கூட்டியிருந்தால் அதற்கும் ஓர் ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அந்தச் சிப்பில் ஃப்ளோட் கணக்குக்கு வன்பொருளும் இல்லை. லினக்ஸ் பக்கத்தில் சி++ எக்ஸெப்ஷன் எறிந்தால், ஸ்டாக்கைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டு போகும் நிரலும் லிப்ஜிசிசியிலிருந்துதான் வருகிறது. இதில் எதையும் நீங்கள் அழைக்கவில்லை. இது இல்லாமல் உங்கள் நிரல் ஓடவும் ஓடாது.

இப்படிக் கலக்கும் கோப்புகள் வெறும் ஜிபிஎல்லில் இருந்தால், ஜிசிசியால் கம்பைல் செய்த கிட்டத்தட்ட எல்லா நிரலும் ஜிபிஎல் ஆகியிருக்கும். அது நடக்கக் கூடாது என்றுதான் நெடுங்காலமாகவே அந்தக் கோப்புகளின் தலைப்பில் ஒரு சிறப்பு அனுமதி இருந்துவந்தது. ஜிபிஎல் 2 காலத்தில் அது ஒரு சின்னப் பத்தி. ஜிபிஎல் 3க்கு மாறியபோது அதைத் தனி ஆவணமாகவே எழுதினார்கள். ஜிசிசி ரன்டைம் லைப்ரரி விலக்கு, பதிப்பு 3.1, தேதி 2009 மார்ச் 31. அடுத்த மாதம் வந்த ஜிசிசி 4.4 முதல் அதுதான் நடைமுறை.

எளிய அனுமதியாக இருந்ததை ஏன் இவ்வளவு நீட்டினார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் விலக்கின் ஒவ்வொரு நிபந்தனையும் அந்தக் காரணத்திலிருந்து பிறந்தது. ஜிசிசிக்குப் ப்ளக்இன் வசதி வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு ஒரு பயம் இருந்தது. ஜிசிசி தன் இடைநிலை வடிவத்தை (மூலநிரலுக்கும் இயந்திர நிரலுக்கும் நடுவில் கம்பைலர் தனக்குள் வைத்திருக்கும் வடிவம்) வெளியே கொடுத்தால், யாராவது அதை வாங்கித் தங்கள் மூடிய ஆப்டிமைசரில் (நிரலை வேகமாக்கும் பகுதி) ஓட்டி, முகப்பு மட்டும் ஜிசிசி, நல்ல பகுதியெல்லாம் மூடியது என்று ஒரு கம்பைலரை உருவாக்கிவிடலாம். அதைத் தடுக்க அவர்கள் பிடித்த கயிறு ரன்டைம் லைப்ரரிதான். அப்படி ஒரு கம்பைலரை நீ உருவாக்கினால், அதில் கம்பைல் செய்ததோடு எங்கள் லைப்ரரியைக் கலக்க விலக்கு கிடையாது என்றார்கள். விலக்கு முடிவான பிறகு, 2010இல் வந்த ஜிசிசி 4.5இல் ப்ளக்இன் வசதியும் வந்தது. ஒரு லைப்ரரியின் உரிமத்தை வைத்துக் கம்பைலரின் வடிவமைப்பையே காப்பாற்றினார்கள். எனக்கு இது உரிம எழுத்தில் மிக நுட்பமான வேலைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

விலக்கின் வாசகத்துக்கு வருவோம். அது மூன்று சொற்களில் நிற்கிறது. ரன்டைம் லைப்ரரியிலிருந்து உருவாகாத, ஆனால் அதைக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் கோப்பு தனி மாட்யூல். நீங்கள் எழுதிய சி, சி++ கோப்புகள் எல்லாம் இந்த வகை. அசெம்ப்ளருக்கோ லிங்கருக்கோ கொடுக்கத் தக்க நிலையில், அல்லது அப்படியே ஓடும் நிலையில் கம்பைலர் தருவது இலக்கு நிரல். கம்பைலரின் இடைநிலை வடிவம் இதில் சேராது. மூன்றாவது, தகுதியுள்ள கம்பைல் முறை. ஜிசிசியை மட்டும் வைத்தோ, ஜிசிசியோடு ஜிபிஎல்லுக்கு ஒத்துப்போகும் மென்பொருள்களைச் சேர்த்தோ செய்தால் தகுதி உண்டு. ஜிசிசி சார்ந்த எதையுமே தொடாமல் செய்தாலும் தகுதி உண்டு. எல்லா இலக்கு நிரலும் தகுதியுள்ள முறையில் பிறந்திருந்தால், லைப்ரரியும் உங்கள் மாட்யூல்களும் கலந்த பைனரியை நீங்கள் விரும்பும் உரிமத்தில் கொடுக்கலாம். மூலநிரல் தர வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமான ஜிசிசியில், வழக்கமாகக் கம்பைல் செய்கிறீர்கள். மூன்றும் பொருந்துகிறது. இது உறுதி.

இதிலிருந்து சில கிளைப் பதில்களும் உறுதியாகவே கிடைக்கின்றன. உங்களிடம் மூலநிரல் எழுதித் தரும் மூடிய ஜெனரேட்டர் ஏதாவது இருந்தால் பரவாயில்லை. கம்பைல் முறை என்பது மனிதர் எழுதும் மொழியில் நிரல் இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று விலக்கே சொல்கிறது. மூடிய லிங்கர் பயன்படுத்தினாலும் பரவாயில்லை, ஏனென்றால் அதற்குள் நுழைவது ஏற்கெனவே இலக்கு நிரல். முற்றிலும் வேறு நிறுவனத்தின் மூடிய கம்பைலரில் கம்பைல் செய்து லிப்எஸ்டிடிசி++ உடன் லிங்க் செய்வதும் சரி. ஜிசிசியின் சொந்த லிங்க்-நேர ஆப்டிமைசேஷனும் சரிதான். இடைநிலை வடிவம் நடுவில் கோப்பாக எழுதப்பட்டாலும் அதைப் படிப்பது ஜிசிசியேதான். தவறுவது ஒரே ஒரு வழி. ஜிசிசியின் இடைநிலை வடிவத்தை எடுத்து மூடிய நிரல் ஒன்றில் ஓட்டி வெளியே எடுப்பது. நீங்கள் அதைச் செய்தால் செய்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்படியானால் சோதனை நிரல் ஏன் சிவப்பில் காட்டியது? லிப்ஜிசிசியின் ஏதாவது ஒரு மூலக் கோப்பைத் திறந்து தலைப்பைப் படியுங்கள். முதலில் ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது என்ற வழக்கமான பத்தி. அதற்குக் கீழே, ஜிபிஎல் 3இன் ஏழாம் பிரிவின்படி ரன்டைம் லைப்ரரி விலக்கில் சொன்ன கூடுதல் அனுமதிகள் உங்களுக்கு உண்டு என்று இன்னொரு பத்தி. பல சோதனை நிரல்கள் முதல் பத்தியோடு நின்றுவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குழு இந்தச் சிவப்பு வரியைப் பார்த்துப் பயந்து, லிப்ஜிசிசியின் வகுத்தல், ஃப்ளோட் ஃபங்ஷன்களையெல்லாம் அசெம்ப்ளியில் திரும்ப எழுதினார்கள். நான் போனபோது ஆறு வாரம் ஆகியிருந்தது. எதிர்மறை எண்ணை வகுக்கும்போது ஒரு பிழையையும் அதற்குள் கொண்டுவந்திருந்தார்கள். அந்த இரண்டாவது பத்தியை அச்சடித்து மேசையில் வைத்ததும் அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. யாரும் இரண்டு நிமிடம் ஒதுக்கி அந்தக் கோப்பைத் திறந்திருந்தால் போதும். எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

ஆனால் அதே பத்திக்கு இன்னொரு முகமும் உண்டு. விலக்கு, அந்த அறிவிப்பைத் தாங்கிய கோப்புக்கு மட்டும்தான். ஜிசிசியோடு வருகிறது என்பதால் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயர் துல்லியக் கணக்குக்கான லிப்குவாட்மேத் ஜிசிசி மூலத்துக்குள்ளேயே இருக்கிறது. அது எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்), விலக்கு கிடையாது. ஃபோர்ட்ரானில் எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஃபோர்ட்ரானின் ரன்டைமான லிப்ஜிஃபோர்ட்ரானுக்கு விலக்கு உண்டு, அதனால் தைரியமாக ஸ்டாடிக் லிங்க் செய்வார்கள். அதன் வால் பிடித்துக்கொண்டு லிப்குவாட்மேத்தும் உள்ளே வந்துவிடும். அதை ஸ்டாடிக்காக லிங்க் செய்வதற்கான ஆப்ஷனை விளக்கும் இடத்தில், பைனரியைப் பகிரும்போது எல்ஜிபிஎல் நிபந்தனைகள் வரும் என்று ஜிசிசியின் கையேடே எச்சரிக்கிறது.

ஏடா மொழி இன்னும் தெளிவான பாடம். ஏடாவுக்கான நாட் கம்பைலர் ஒன்றுதான். ஆனால் ஜிசிசியின் பொது வெளியீட்டில் வரும் அதன் ரன்டைமுக்கு விலக்கு உண்டு. ஏடாகோர் நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்த ஜிபிஎல் பதிப்பின் ரன்டைமில் அந்த விலக்கு இல்லை. ஒரே மூலக் கோப்பு, ஒரே கம்பைல் கட்டளை. எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதை வைத்து உங்கள் பைனரியின் உரிமம் மாறியது. லைப்ரரியின் பெயரைப் பார்த்து உரிமத்தை முடிவு செய்யாதீர்கள், உங்கள் கையில் இருக்கும் பிரதியின் கோப்பைத் திறந்து பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது அந்த ஸ்டாடிக் லிங்குக்கு வருகிறேன். லினக்ஸில் உங்கள் நிரல் சார்ந்திருக்கும் சி லைப்ரரி பெரும்பாலும் ஜிலிப்சி. அது ஜிசிசியின் பகுதி இல்லை. உரிமம் எல்ஜிபிஎல் 2.1 அல்லது பிந்தையது. ரன்டைம் விலக்கு அதற்குப் பொருந்தாது. நிரல் தொடங்குவதற்கு லிங்கர் சேர்க்கும் சின்னஞ்சிறு ஸ்டார்ட்-அப் கோப்புகளுக்கு மட்டும் தனியாக வரம்பில்லா லிங்க் அனுமதி உண்டு. மற்றபடி மெமரி ஒதுக்குவது, அச்சிடுவது, கோப்பு திறப்பது எல்லாம் முழு எல்ஜிபிஎல். எல்ஜிபிஎல் உங்கள் மூலநிரலைக் கேட்காது. ஆனால் வாங்கியவர் ஜிலிப்சியைத் தானே திருத்தி, திருத்தியதோடு உங்கள் நிரலை மறுபடி சேர்த்து ஓட்ட வழி இருக்க வேண்டும் என்று கேட்கும். டைனமிக்காக, அதாவது லைப்ரரியைத் தனிக் கோப்பாக வெளியே விட்டு, லிங்க் செய்தால் அந்த வழி தன்னாலே அமைந்துவிடுகிறது. அவர் லைப்ரரி கோப்பை மாற்றினால் போதும். ஸ்டாடிக்காகச் செய்தால், மறுபடி லிங்க் செய்வதற்கு உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்களையாவது நீங்கள் கொடுக்க வேண்டும், அல்லது எழுத்துமூலம் கொடுப்பதாக உறுதி தர வேண்டும்.

ஆப்ஜெக்ட் ஃபைல்தானே, கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். ஒரு தயாரிப்பில் நான் இதை அருகிலிருந்து பார்த்தேன். வெளியீடு போய் இரண்டரை ஆண்டு கழித்து ஒரு வாடிக்கையாளர் முறையாகக் கடிதம் எழுதி ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கேட்டார். அவருக்கு அந்த உரிமை முழுக்க உண்டு. பில்ட் செய்த இயந்திரத்தை எப்போதோ துடைத்துவிட்டிருந்தார்கள். பழைய மூலத்தை எடுத்து, பழைய கம்பைலரைத் தேடிப் பிடித்து, அதே பைனரி வரும்வரை கம்பைல் செய்து பார்த்ததில் மூன்று வாரம் போயிற்று. பிறகு எடுத்து அனுப்பிய ஆப்ஜெக்ட் ஃபைல்களில் டீபக் தகவல் அப்படியே இருந்தது. உள் ஃபங்ஷன் பெயர்கள், கோப்புப் பாதைகள் எல்லாம் சேர்ந்து போய்விட்டன. மூடி வைக்க நினைத்ததில் பாதி அந்த ஒரு மின்னஞ்சலில் வெளியே போனது.

அதோடு ஜிலிப்சி ஸ்டாடிக் லிங்குக்காக வடிவமைத்த லைப்ரரியும் இல்லை. இணையப் பெயரை முகவரியாக மாற்றும் ஃபங்ஷனை ஸ்டாடிக் நிரலில் அழைத்தால் லிங்கரே எச்சரிக்கும்: இதே பதிப்பு ஜிலிப்சியின் ஷேர்டு லைப்ரரிகள் ஓடும் இடத்திலும் தேவை என்று. எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டும் என்ற உங்கள் நோக்கமே அங்கே அடிபட்டுவிடுகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். லிப்ஜிசிசியையும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியையும் மட்டும் ஸ்டாடிக்காக லிங்க் செய்வேன். இரண்டுக்கும் ஜிசிசியில் தனித்தனி ஆப்ஷன் இருக்கிறது, விலக்கும் இருக்கிறது. ஜிலிப்சியை டைனமிக்காக விடுவேன். நீங்கள் ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ்களில் ஆகப் பழையது எதுவோ அதன் மேல் கம்பைல் செய்வேன், ஏனென்றால் பழைய ஜிலிப்சிக்கு எதிராக லிங்க் செய்தது புதியதில் ஓடும், திருப்பிச் செய்தால் ஓடாது. ஒற்றைக் கோப்பாகவே இருந்தாக வேண்டும் என்றால் மசில் என்ற சி லைப்ரரிக்கு மாறுங்கள். அது எம்ஐடி உரிமம். பதிப்புரிமை அறிவிப்பைச் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. மசிலின் ஸ்டார்ட்-அப் கோப்புகளுக்கும் பொது ஹெடர்களுக்கும் அந்த அறிவிப்பைக்கூட விட்டுவிடலாம் என்று அதை எழுதியவர்கள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பைலர் ரன்டைமை எழுதுபவர்கள் எல்லாரும் இப்படி யோசித்து எழுதினால் நன்றாயிருக்கும்.

டைனமிக் லிங்க் செய்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எல்ஜிபிஎல் 2.1இன் ஆறாம் பிரிவு, வாங்கியவர் தன் சொந்தப் பயனுக்கு நிரலைத் திருத்தவும், அந்தத் திருத்தத்தைப் பிழைதிருத்துவதற்காக உங்கள் நிரலைப் பிரித்துப் பார்க்கவும் உங்கள் ஒப்பந்தம் இடம் தர வேண்டும் என்கிறது. விற்பனை ஒப்பந்தங்களில் எவ்வகையிலும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று ஒரு வரியை எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது இதோடு நேராக மோதுகிறது. உரிமம் அனுமதிக்கும் அளவு தவிர என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். லைப்ரரி எல்ஜிபிஎல் என்ற குறிப்பையும் கூடவே வையுங்கள்.

ஃபர்ம்வேர் பக்கத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே சி லைப்ரரியாக இருப்பது பெரும்பாலும் நியூலிப். அது ஒரே உரிமம் இல்லை. பலர் பல காலத்தில் கொடுத்த கோப்புகளின் தொகுப்பு, பெரும்பாலும் பிஎஸ்டி வகை. மூலம் கேட்காது, ஆனால் பைனரியோடு அறிவிப்புகளைத் தர வேண்டும். அதன் உரிமக் கோப்பு நீளமானது, பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். கருவியின் பெட்டியில் அச்சடித்து வைக்க முடியாது என்பதால், கையேட்டின் பின்னிணைப்பாக முழுக் கோப்பையும் அப்படியே சேர்ப்பதுதான் என் பழக்கம். எந்த ஆப்ஜெக்ட் வந்தது என்று பார்த்துச் சுருக்கலாம்தான்; அடுத்த பதிப்பில் ஒரு ஃபங்ஷன் கூடினால் பட்டியல் தவறிவிடும்.

எல்எல்விஎம்முக்கு மாறினால் தீருமா என்ற கேள்விக்கு என் பதில், மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டு மாறாமல் இருப்பீர்கள் என்பதுதான். பெரும்பாலான லினக்ஸ்களில், எல்எல்விஎம்மின் சி, சி++ கம்பைலரான கிளாங் இயல்பாக லிங்க் செய்வது இதே லிப்ஜிசிசியையும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியையும்தான். எல்எல்விஎம்மின் சொந்த ரன்டைம்களான கம்பைலர்-ஆர்டியும் லிப்சி++ லைப்ரரியும் வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். அப்படியே முழுக்க மாறினாலும் சி லைப்ரரி ஜிலிப்சியாகவே இருக்கும். உங்கள் சிக்கலே அங்கேதானே இருந்தது.

ஆனாலும் எல்எல்விஎம்மின் உரிமக் கதை தெரிந்துகொள்ளத் தக்கது, ஏனென்றால் ஜிபிஎல் இல்லாத உரிமத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது என்பதை அது காட்டுகிறது. அவர்கள் பழைய உரிமம் இலினாய் பல்கலைக்கழகத்துடையது. பைனரியாகப் பகிர்ந்தாலும் பதிப்புரிமை அறிவிப்பை ஆவணத்தில் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ரன்டைமுக்கு அது ஒத்துவராது. கிளாங்கில் கம்பைல் செய்த ஒவ்வொருவரும் எல்எல்விஎம்முக்கு நன்றி அறிவிக்க வேண்டிவரும். அதனால் ரன்டைம் லைப்ரரிகளை மட்டும் கூடவே எம்ஐடி உரிமத்திலும் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் எல்லாவற்றையும் அப்பாச்சி 2.0, எல்எல்விஎம் விலக்குகளோடு என்ற ஒரே உரிமத்துக்கு நகர்த்தினார்கள். கம்பைல் செய்ததன் விளைவாக எங்கள் மென்பொருளின் பகுதி உங்கள் ஆப்ஜெக்ட்டுக்குள் பதிந்துவிட்டால், அறிவிப்பு தொடர்பான நிபந்தனைகள் உங்களுக்கு வேண்டாம் என்பது விலக்கின் முதல் பாதி. இரண்டாம் பாதி ஜிபிஎல் 2க்காக. அப்பாச்சி 2.0 ஜிபிஎல் 2உடன் ஒத்துப்போகாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. அப்படி மோதுவதாக ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தால், மோதும் பிரிவைக் கைவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பாதி இடம் தருகிறது. ஸ்விஃப்ட் மொழி 2015 டிசம்பரில் மூலத்தைத் திறந்தபோதே அதன் அப்பாச்சி உரிமத்தில் இதே போன்ற ரன்டைம் விலக்கு இருந்தது. ஜாவா பக்கத்தில் ஓப்பன்ஜேடிகே ஜிபிஎல் 2உடன் கிளாஸ்பாத் விலக்கைக் கொண்டிருக்கிறது. வேறு சொல், அதே எண்ணம்.

விலக்கே இல்லாத ரன்டைம்களும் உண்டு. கோ மொழியில் எழுதிய ஒவ்வொரு பைனரியிலும் அதன் ரன்டைம் பதிந்திருக்கிறது. உரிமம் மூன்று பிரிவு பிஎஸ்டி; பைனரியோடு அறிவிப்பைத் தர வேண்டும் என்று இரண்டாம் பிரிவு நேராகச் சொல்கிறது. ரஸ்ட்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு எம்ஐடி அல்லது அப்பாச்சி, எதை எடுத்தாலும் அறிவிப்பு உண்டு. பூஸ்ட் உரிமமோ கம்பைலர் உருவாக்கிய இயந்திர நிரலுக்கு அறிவிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. டி மொழியின் ரன்டைம் அந்த உரிமத்தில் இருக்கிறது.

இனி சந்தேகமான இடம். சிலர் லிப்எஸ்டிடிசி++ ஷேர்டு லைப்ரரி கோப்பைத் தங்கள் நிரலின் பக்கத்தில் தனிக் கோப்பாக வைத்து விற்கிறார்கள். விலக்கு பேசுவது லைப்ரரியும் தனி மாட்யூல்களும் கலந்த படைப்பைப் பற்றி. தனியாகக் கிடக்கும் அந்த லைப்ரரிக் கோப்பில் உங்கள் மாட்யூல் எதுவும் கலக்கவில்லை. அப்படியானால் அந்தக் கோப்புக்கு ஜிபிஎல்லின் மூலநிரல் கடமை அப்படியே வரும் என்பது என் வாசிப்பு. இரண்டும் சேர்ந்தே ஒரு படைப்பு என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் இந்த வாதத்துக்குள்ளேயே போவதில்லை. ஸ்டாடிக்காக உள்ளே சேர்த்துவிடுவேன், முடியாவிட்டால் அந்தப் பதிப்பு ஜிசிசியின் மூலத் தொகுப்பையும் கூடவே கொடுப்பேன். அது எல்லார்க்கும் கிடைக்கும் தொகுப்புதான், கொடுப்பதில் உங்கள் ரகசியம் எதுவும் போகாது. லிப்ஜிசிசியையே நீங்கள் திருத்தியிருந்தால் நிலைமை இன்னும் மங்கல். அதையும் திருத்தத்தோடு வெளியிட்டுவிடுவதே நிம்மதி.

வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ இரண்டும் ஜிபிஎல் 3, ஜிசிசி ரன்டைம் லைப்ரரி விலக்கு 3.1உடன், பைனரி முழுவதும் ஜிசிசியால் மட்டுமே கம்பைல் செய்தது, விலக்கின் முதல் பிரிவின்படி எங்கள் உரிமத்தில் தருகிறோம் என்று மூன்று வரி போதும். விலக்கின் முழு வாசகத்தையும் இணைத்துவிடுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே ஜிலிப்சி பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு வெளியீட்டின் மேப் ஃபைலையும், கம்பைலர் பதிப்பையும், அந்த டூல்செயினோடு வந்த உரிமக் கோப்புகளையும் வெளியீட்டுடன் சேர்த்தே சேமித்து வையுங்கள். மேப் ஃபைலில் ஆர்க்கைவ் பெயர்களை மட்டும் பிரித்து எடுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, போன வெளியீட்டில் இல்லாத பெயர் ஒன்று வந்தால் பில்ட் நின்றுவிடும்படி வைத்தால் நல்லது. எங்கள் பில்டில் அது இதுவரை இரண்டு முறை நின்றிருக்கிறது. இரண்டு முறையும் யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்த ஒரு லைப்ரரி, தன்னோடு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்திருந்தது.